தறி செய்யும் இடம்: நியூக்ளியோலஸ் பற்றிக் கேட்ட மாணவிக்கு

சேரன்மகாதேவியிலிருந்து பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸுக்குச் சவ்வு கிடையாது என்று புத்தகத்தில் இருக்கிறது. சவ்வு இல்லாமல் அது எப்படி உருண்டையாக நிற்கிறது? அது செய்வது புரோட்டீனா, ரைபோசோமா? செல் பிரியும்போது மறைந்துவிடும் என்கிறார்களே, எங்கே போகிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பாவுக்குப் புராஸ்டேட்டில் பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரிகிறது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை."

கடைசிக் கேள்விதான் உன் மனதை அரிக்கிறது என்று தெரிகிறதும்மா. அந்த ஒரு வரியை மட்டும் வைத்து யாராலும் எதையும் முடிவு கட்ட முடியாது. இப்போதைக்கு இதைப் பிடித்துக்கொள். ஏன் முடியாது என்பது மற்ற மூன்று கேள்விகளும் புரிந்தால் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

முதலில் கண்ணால் பார்த்துவிடு. பாளையங்கோட்டையில் 28 வருடம் செல் உயிரியல் நடத்தியிருக்கிறேன். நியூக்ளியோலஸைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய பிள்ளைகள்தான் அதிகம். அது எனக்குத் தீராத வருத்தம். ஒரு பல்லாரி போதும். நாலாக வெட்டி, உள்ளே உள்ள சதைப்பற்றான இதழ் ஒன்றை எடுத்து லேசாக ஒடித்தால், குழிந்த பக்கத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தோல் உரிந்து வரும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மடிப்பு விழாமல் அந்தத் தோலைப் பரப்பி, கவர் ஸ்லிப் போடு. சாயம் வேண்டாம். 40 ஆப்ஜெக்டிவுக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, ஃபோகஸை மெதுவாக மேலும் கீழும் திருப்பு. செங்கல் அடுக்கினாற்போலச் செல்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் உட்கரு சுவரோரமாக ஒதுங்கிக் கிடக்கும். அதற்குள் ஒன்றோ இரண்டோ, சிலவற்றில் மூன்றோ, சின்ன மணிகள் பளிச்சென்று மின்னும். அதுதான் நீ கேட்கிற ஆள்.

சாயமே இல்லாமல் தெரிவதற்குக் காரணம் அதன் அடர்த்தி. சுற்றியுள்ள பொருளைவிடச் செறிவாக இருப்பதால் ஒளியை அதிகமாக வளைக்கிறது. அதனால்தான் 1781-லேயே இத்தாலியரான ஃபெலிச்சே ஃபோன்டானா, விலாங்கு மீனின் தோலிலிருந்து வந்த வழுவழுப்பில் உட்கருவையும் அதற்குள் ஒரு புள்ளியையும் பார்த்துப் பதிந்து வைக்க முடிந்தது. பார்த்ததென்னவோ அவ்வளவு சீக்கிரம். அது என்ன செய்கிறது என்று உறுதியாகத் தெரிய இன்னும் 180 வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் துப்பு ஒரு சாயத்திலிருந்து வந்தது. மெத்தில் கிரீன், பைரோனின் என்ற இரண்டையும் கலந்து போட்டால், டி.என்.ஏ. உள்ள இடம் நீலப்பச்சையாகும், டி.என்.ஏ.-வைப் படித்து எடுக்கும் நகலான ஆர்.என்.ஏ. உள்ள இடம் சிவந்த ரோஸ் நிறமாகும். உட்கரு பச்சையாக இருக்க, அதற்குள்ளே இருக்கும் நியூக்ளியோலஸ் மட்டும் ரோஸ். உட்கருவுக்கு வெளியே செல்லை நிரப்பியிருக்கும் சைட்டோபிளாசமும் அதே ரோஸ். உட்கருவுக்குள் குடியிருக்கும் ஒன்று வெளியே உள்ள சைட்டோபிளாசத்தின் நிறத்தில் இருக்கிறது என்றால் இரண்டுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் அல்லவா? 1940-ஐ ஒட்டி பெல்ஜியத்தில் பிராஷேயும் சுவீடனில் காஸ்பர்சனும் தனித்தனியாக இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். எந்தச் செல் மும்முரமாகப் புரோட்டீன் செய்கிறதோ அதில் ஆர்.என்.ஏ.-வும் அதிகம், நியூக்ளியோலஸும் பெரிது.

இங்கேதான் பலரும் வழுக்கி விழுவது. 'அப்போ நியூக்ளியோலஸ்தான் புரோட்டீன் செய்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. நம் வீரவநல்லூர்ப் பக்கம் நெசவு நடக்கிறது. நெய்கிறவர் வீட்டில் தறி இருக்கும். அந்தத் தறியைச் செய்து கொடுத்தது ஒரு தச்சாசாரியின் பட்டறை. துணி வேண்டுமென்று யாரும் அந்தப் பட்டறைக்குப் போக மாட்டார்கள். புரோட்டீன் துணி என்றால், ரைபோசோம் தறி. நியூக்ளியோலஸ் தறி செய்யும் பட்டறை. நெசவு முழுக்க வெளியே சைட்டோபிளாசத்தில். தறியின் பாகங்கள் உருவாவது மட்டும் உட்கருவுக்குள், இந்த மணியில்.

இதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் ஒரு விஷயம் உண்டு. தறிக்குத் தேவையான பாகங்களில் ஆர்.என்.ஏ.-வின் பெரும்பகுதி பட்டறையிலேயே தயாராகிறது. ஆனால் ரைபோசோமில் சுமார் 80 வகைப் புரோட்டீன்களும் உண்டு. அவற்றைச் செய்வது யார்? வெளியே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய ரைபோசோம்கள். அவை செய்த புரோட்டீன்கள் உட்கருத் துளைகள் வழியாக உள்ளே வந்து, நியூக்ளியோலஸில் ஆர்.என்.ஏ.-வோடு பூட்டப்பட்டு, புதுத் தறியின் பாகங்களாக மறுபடி அதே துளை வழியே வெளியேறுகின்றன. பழைய தறி இல்லாமல் புதுத் தறி கிடையாது. அம்மாவின் கருமுட்டையில் வந்த ரைபோசோம்களிலிருந்துதான் நம் ஒவ்வொருவருடைய கணக்கும் தொடங்குகிறது.

அந்தத் தறி உள்ளுக்குள் எப்படி இருக்கிறது என்று அணு அணுவாகக் காட்டியதற்காகத்தான் 2009-ல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். அதில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத்.

சரி, நியூக்ளியோலஸ்தான் பட்டறை என்று எப்படி நிரூபித்தார்கள்? இதில் இரண்டு சோதனைகளை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 1934-ல் பார்பரா மெக்ளின்டாக் மக்காச்சோளத்தில் செய்தது. மக்காச்சோளத்தின் 6-வது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஒட்டியே எப்போதும் நியூக்ளியோலஸ் உருவாவதை அவர் கவனித்தார். எக்ஸ் கதிரால் அந்த இடமே இரண்டாக உடைந்து, ஒரு துண்டு வேறு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்ட செடி அவர் கையில் இருந்தது. அதில் இரண்டு துண்டுகளுமே தனித்தனியாக நியூக்ளியோலஸை உண்டாக்கின. அந்த இடத்துக்கு நியூக்ளியோலஸை ஒழுங்கமைக்கும் பகுதி என்று பெயர் வந்தது. பிற்பாடு பார்த்தால் அங்கே இருந்தது ரைபோசோம் ஆர்.என்.ஏ.-வுக்கான ஜீன், ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான பிரதிகள். உடைந்த துண்டு இரண்டிலும் பிரதிகள் மிச்சமிருந்ததால்தான் இரண்டுமே வேலை செய்தன. நமக்கு அந்த இடங்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் இருக்கின்றன. ஒரே வாக்கியம் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதால் அந்தப் பகுதியைப் படிப்பது மிகக் கடினம். 2003-ல் மனித ஜீனோம் முடிந்துவிட்டது என்று அறிவித்தபோதும் இந்தக் குட்டைக் கைகள் காலியாகத்தான் கிடந்தன. 2022-ல்தான் நிரப்பினார்கள்.

இரண்டாவது, 1964-ல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் செய்த தவளைச் சோதனை. ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையில், செல்லுக்கு இரண்டுக்குப் பதில் ஒரே நியூக்ளியோலஸ் உள்ள ஒரு பரம்பரை கிடைத்திருந்தது. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் பிறப்பதில் கால் பங்குக்கு நியூக்ளியோலஸே இராது. அந்தக் கருக்கள் உடனே சாகவில்லை. வளர்ந்தன, வாலை ஆட்டி நீந்தும் தலைப்பிரட்டை வரைக்கும் வந்தன, அதற்கப்புறம்தான் செத்தன. உள்ளே பார்த்தால் 28எஸ், 18எஸ் (எஸ் என்னவென்று பின்னால் சொல்கிறேன்) என்ற இரண்டு பெரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.-க்களும் புதிதாக உண்டாகவே இல்லை. அதுவரை எப்படி உயிரோடு இருந்தன? அம்மா முட்டைக்குள் கட்டிக்கொடுத்த ரைபோசோம்களை வைத்து. கட்டுச்சோறு தீர்ந்ததும் கதை முடிந்தது. நியூக்ளியோலஸ் இல்லையேல் புது ரைபோசோம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

இதையே நம் வயலிலும் பார்க்கலாம். பிசானத்துக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்கால் தண்ணீரில் போட்டு எடுத்து, வைக்கோல் மூடி முளைகட்ட வைப்பார்களே, அந்தக் காய்ந்த நெல்லின் கருவுக்குள்ளும் தாய்ச்செடி செய்து வைத்த ரைபோசோம்கள் இருக்கின்றன. நியூக்ளியோலஸ் சிறுத்து, வேலை இல்லாமல் கிடக்கும். தண்ணீர் ஏறினதும் முதலில் அந்தப் பழைய இருப்பை வைத்துச் செல் விழித்துக்கொள்ளும். அதற்கப்புறம் பட்டறை திறக்கும். மணி பருக்கும். முளை விட்ட வேர் நுனியில் பார்த்தால் உட்கருவில் கணிசமான இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி பட்டறைக்குள் நடப்பது. ரைபோசோம் ஜீனைப் படிப்பதற்கென்றே ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-1 என்ற தனி நொதி இருக்கிறது. ஒரே ஜீன் மேல் சுமார் நூறு நொதிகள் வரிசையாக ஏறி ஒரே நேரத்தில் படித்துக்கொண்டு போகும். முன்னே போனதிடம் நீள இழை, இப்போதுதான் ஏறினதிடம் குட்டை இழை. 1969-ல் ஆஸ்கார் மில்லரும் பார்பரா பியட்டியும் இதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படமாகவே எடுத்தார்கள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். எனக்கு அது தென்னங்கீற்றாகத்தான் தெரியும். நடுவில் ஈர்க்கு மாதிரி டி.என்.ஏ., இரண்டு பக்கமும் ஓலை மாதிரி ஆர்.என்.ஏ., நுனியில் குட்டை, போகப்போக நீளம்.

அப்படி வரும் இழை நம் செல்லில் சுமார் 13,000 எழுத்து நீளம். அதிலிருந்து 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்று மூன்று துண்டுகளை வெட்டி எடுக்கிறார்கள். கிட்டத்தட்டப் பாதி கழிவாகப் போகிறது. வெட்டுவதோடு நிற்பதில்லை. இருநூறு இடங்களுக்குப் பக்கமாக எழுத்துகளில் சின்னச் சின்ன வேதித் திருத்தம் நடக்கிறது. எந்த இடத்தில் திருத்த வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவதும் நியூக்ளியோலஸில் உள்ள வேறு குட்டி ஆர்.என்.ஏ.-க்கள்தான். நாலாவதாக 5எஸ் என்று ஒன்று வேண்டும். அது மட்டும் நியூக்ளியோலஸுக்கு வெளியே வேறு நொதியால் தயாராகி உள்ளே வந்து சேர்கிறது. பரீட்சையில் மடக்கிக் கேட்க வாய்ப்புள்ள இடம் இது.

கடைசியில் வெளியே போவது முழு ரைபோசோம் அல்ல. 60எஸ் என்ற பெரிய பாகமும் 40எஸ் என்ற சின்ன பாகமும் தனித்தனியாகப் போய், வெளியே வேலை வரும்போதுதான் பூட்டிக்கொள்கின்றன. பூட்டினால் 80எஸ். அறுபதும் நாற்பதும் நூறுதானே என்று வருடா வருடம் ஒரு பிள்ளை கேட்கும், நல்ல கேள்வி. எஸ் என்பது எடை இல்லை, மையவிலக்கியில் சுற்றும்போது எவ்வளவு வேகமாகப் படிகிறது என்ற அளவு. அது பொருளின் வடிவத்தையும் பொறுத்தது, அதனால் கூட்டல் கணக்குக்குள் வராது.

வேலையின் அளவைப் பார். ஆய்வகத்தில் வேகமாக வளரும் மனிதச் செல் ஒன்று நிமிடத்துக்கு 7,500 பாகங்கள் வரை செய்து அனுப்புகிறது. செல்லின் மொத்த ஆர்.என்.ஏ.-வில் ஐந்தில் நாலு பங்கு ரைபோசோமுடையது. வளரும் செல்லுக்கு இதைவிடப் பெரிய செலவு அதிகம் இல்லை. பின்னால் உன் அப்பா ரிப்போர்ட்டுக்கு வரும்போது இது தேவைப்படும்.

இப்போது சவ்வு. நெல்லையப்பர் கதை உனக்குத் தெரியும்: காயப்போட்ட நெல் மழையில் போகாமல் சுவாமி வேலி கட்டிக் காத்தார், ஊருக்கு நெல்வேலி என்று பெயர் வந்தது. நியூக்ளியோலஸுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. வேலியே இல்லாமல் நெல் சிதறாமல் நிற்பதுதான் இங்கே அதிசயம். அதற்குப் பதில் அடுக்களையில் இருக்கிறது. கொதித்து இறக்கின ரசத்தில் நெய் விட்டுப் பார். வட்ட வட்டமாக மிதக்கும். எந்த வட்டத்துக்கும் தோல் கிடையாது. நெய் மூலக்கூறுகள் தண்ணீரோடு சேர்வதைவிடத் தங்களுக்குள் சேர்ந்திருக்கவே பார்க்கின்றன, அவ்வளவுதான். கரண்டிக் காம்பால் ஒரு வட்டத்தை இன்னொன்றின் பக்கம் தள்ளு. தொட்ட மாத்திரத்தில் இரண்டும் ஒன்றாகி, ஒரு நொடி நீண்டிருந்து, மறுபடி வட்டமாகிவிடும்.

2011-ல் கிளிஃபோர்ட் பிராங்வினும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஜெனோபஸ் தவளை முட்டையின் நியூக்ளியோலஸ்களில் இதையேதான் பார்த்தார்கள். அந்த முட்டையின் உட்கரு மிகப் பெரிது, கையாலேயே பிரித்து எடுக்கலாம், உள்ளே ஆயிரத்துக்கும் மேல் நியூக்ளியோலஸ்கள். இரண்டு தொட்டால் ஒன்றாகி உருண்டையாகின்றன. தேனைவிடவும் பல மடங்கு கெட்டியான திரவம், அவ்வளவே வித்தியாசம். ஆர்.என்.ஏ.-வும் அதைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன்களும் ஒன்றையொன்று பல கைகளால் பற்றிக்கொண்டு தனியாகப் பிரிந்து நிற்கும் துளி அது. நமக்கு அந்த ஐந்தும் ஜோடி ஜோடியாக இருப்பதால் பத்து குரோமோசோம்களில் இடம் இருந்தும், பெரும்பாலான செல்களில் ஒன்றிரண்டு நியூக்ளியோலஸ்தான் தெரிவது ஏன் என்பதும் இதிலேயே விளங்கிவிடும். சின்னவை சேர்ந்து பெரிதாகிவிடுகின்றன.

புத்தகத்தில் மூன்று பகுதிகள் என்று போட்டிருப்பார்கள்: நடுவில் வெளிறிய நார் மையம், அதைச் சுற்றி அடர்ந்த நார்ப் பகுதி, வெளியே துகள் பகுதி. இதை மனப்பாடம் செய்யாதே, வேலை நகரும் பாதையாகப் பார். ஜீன் படிக்கப்படுவது மையத்துக்கும் அடர்நார்ப் பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையில். வெட்டும் திருத்தமும் அடர்நார்ப் பகுதியில் தொடங்குகின்றன. புரோட்டீன் பூட்டுவது பெரும்பாலும் துகள் பகுதியில். அந்தத் துகள்கள் பாதி முடிந்த ரைபோசோம் பாகங்களே. சரக்கு உள்ளிருந்து வெளியே நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த அடுக்குக்கும் சவ்வு கிடையாது. அடர்நார்ப் பகுதியில் உள்ள ஃபைப்ரிலாரின், துகள் பகுதியில் உள்ள நியூக்ளியோஃபாஸ்மின் ஆகிய இரண்டு புரோட்டீன்களையும் தனியே எடுத்துக் குழாயில் கலந்தபோது, ஒன்று உள்துளியாகவும் மற்றது வெளித்துளியாகவும் தானாகவே அமைந்ததை 2016-ல் அதே குழு காட்டியது.

செல் பிரியும்போது எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. வேலை நிற்கிறது, அதனால் கலைகிறது. மேலப்பாளையம் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போனால் ஆடும் மாடும் ஆளும் நெருக்கியடிக்கும். மறுநாள் போனால் இடம் மட்டும் இருக்கும். சந்தை எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வாய்? செல் பிரிவைத் தொடங்கிவைக்கும் நொதி, பாலிமரேஸ்-1-இன் வேலையையும் நிறுத்திவிடுகிறது. புது ஆர்.என்.ஏ. வராததால் துளியைக் கட்டிப்போட ஆளில்லை. பிரிவின் முதல் கட்டமான புரோஃபேஸ் முடியும்போது புரோட்டீன்கள் பிரிந்து போய், சில குரோமோசோம்களின் மேல் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், சில செல்லில் பரவும். ஆனால் சந்தைத் திடல் போல அந்த ஜீன் இருக்கும் இடம் அப்படியே இருக்கும். முந்தைய சுற்றில் வேலை செய்த இடங்களில் சில புரோட்டீன்கள் விலகாமல் உட்கார்ந்து அடையாளமும் காட்டும். கடைசிக் கட்டமான டீலோஃபேஸில் தடை விலகி ஜீன் மறுபடி படிக்கப்பட்டதும், சிதறினவை அங்கங்கே வந்து கூடும். முதலில் பல சின்ன மணிகள், பிறகு சேர்ந்து ஒன்றிரண்டு.

அதனால் நியூக்ளியோலஸை ஒரு பொருள் என்று எண்ணாமல், நடந்துகொண்டிருக்கும் வேலை என்று எண்ணிக்கொள். வேலை கூடினால் பருக்கும், குறைந்தால் சிறுக்கும், நின்றால் கலையும். நரம்புச் செல்லில் பெரிதாக ஒன்று எப்போதும் இருக்கும், அதற்குப் புரோட்டீன் தேவை ஓயாது. ஓய்ந்திருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கிருமி வந்து அது விழித்துக்கொண்டால் பெரிதாகிவிடும்.

இனி அப்பாவின் ரிப்போர்ட். எடுப்பாகத் தெரிகிறது என்றால், அந்தச் செல் ரைபோசோம்களை மும்முரமாகச் செய்கிறது என்று பொருள். புற்றுச் செல் ஓயாமல் வளர்ந்து பிரிவதால் அதில் இது அடிக்கடி காணப்படும். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். புராஸ்டேட் பயாப்ஸியில் நோயியல் மருத்துவர் கட்டாயம் தேடும் குறிகளில் இதுவும் ஒன்றுதான், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அழற்சி இருந்தாலும், புண் ஆறிக்கொண்டிருந்தாலும், நல்ல செல்லிலும் மணி பெரிதாகும். ஆகவே அவர் இதோடு சேர்த்துச் சுரப்பிகள் எப்படி அடுக்கியிருக்கின்றன, ஒவ்வொரு சுரப்பியையும் சுற்றி அடிச்செல் வரிசை இருக்கிறதா, பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவியிருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு எழுதுவார். ஒருவேளை புற்றுதான் என்றாலும், அதன் தரத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் சுரப்பிகளின் அமைப்பை மட்டும் வைத்துப் போடப்படுவது. நியூக்ளியோலஸ் எவ்வளவு பெரிது என்பதற்கு அதில் இடமே இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள், இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, உண்மை. இந்தப் பட்டறையில் கோளாறு வந்தால் செல்லுக்கு உடனே தெரிந்துவிடும். ரைபோசோமில் பூட்ட வந்த சில புரோட்டீன்கள் 5எஸ் ஆர்.என்.ஏ.-வோடு வேலையின்றித் தேங்கும். அவை, பி53 என்ற காவல் புரோட்டீனை அழித்துக்கொண்டிருக்கும் எம்.டி.எம்.2-வைப் பிடித்துக்கொள்ளும். பி53 பெருகும், செல் பிரிவதை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே சாகவைக்கும். குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் ஆக்டினோமைசின் டி என்ற மருந்து குறைந்த அளவில் முதலில் தாக்குவதே இந்தப் பாலிமரேஸ்-1-இன் வேலையைத்தான். பட்டறையைக் குறிவைக்கும் புது மருந்துகளையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டை மறுபடி எடு. நுண்ணோக்கியில் கண்டவற்றைச் சொல்லும் பத்தியில்தான் நீ படித்த வரி இருந்திருக்கும். முடிவு என்று தனியாக ஒரு பகுதி இருக்கும், பெரும்பாலும் கடைசியில் அல்லது தடித்த எழுத்தில். அதைப் படி. அதில் புற்று என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் கிளீசன் எவ்வளவு, எடுத்த துண்டுகளில் எத்தனையில் இருக்கிறது, தெளிவாக இல்லை என்றால் அடிச்செல்லுக்கான சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று ஒரு தாளில் எழுதிக்கொள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் அந்தத் தாளைப் பார்த்தே கேள். அவர் சொல்வதையும் அதிலேயே குறித்துக்கொண்டு வா, புரியாத சொல் இருந்தால் எனக்கு எழுது.